ஊறிய மரமும் உப்பிய பலகையும்

2015 டிசம்பர் 1 காலை தொடங்கி மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்போது வந்த சென்னை வெள்ளத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்ததில்தான் தொடங்குவார்கள். தாம்பரத்தை அடுத்த முடிச்சூருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. செம்பரம்பாக்கத்து உபரிநீர் அடையாற்றில் வந்து சேருவது திருநீர்மலைப் பக்கம். முடிச்சூர் அதற்கும் முன்னாலேயே, ஆறு புறப்படும் பகுதியில் இருக்கிறது. ஆதனூர், மண்ணிவாக்கம், மணிமங்கலம் என்று சுற்றுவட்டார ஏரிகள் நிரம்பி வழிந்த தண்ணீர்தான் இங்கே வீடுகளுக்குள் புகுந்தது. நவம்பர் நடுவில் ஒரு முறை வந்தது. வீட்டைக் கழுவி முடிப்பதற்குள் டிசம்பரில் மறுபடியும் வந்தது. 2021 மழையிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் அதே தெருக்களில் முழங்காலளவு, இடுப்பளவு என்று மீண்டும் பேச்சு கிளம்பியது.

தண்ணீர் வடிந்த பிறகு இந்தப் பகுதித் தெருக்களில் நடந்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். வீட்டு வாசலில் குப்பையாகக் குவிவது ஒரு ரகம். மொட்டை மாடிக்குப் போய் வெயில் காய்வது வேறு ரகம். மாடுலர் கிச்சனின் கீழ்த்தட்டுகள், கணினி மேசை, டிவி ஸ்டாண்ட், தவணையில் வாங்கிய கட்டிலின் தலைமாட்டுப் பலகை எல்லாம் குப்பைவண்டிக்குப் போகும். தாத்தா காலத்து நாற்காலி, வேப்பமரப் பெஞ்சு, தேக்குக் கட்டில் எல்லாம் மாடிக்குப் போகும். பாசத்தால் மட்டும் நடக்கிற பிரிவினை இல்லை இது. மரத்துக்கும் தண்ணீருக்கும் உள்ள உறவை வீட்டுக்காரர்கள் தங்கள் செலவில் கண்டுகொண்ட முடிவு.

இந்த ஊர்கள் இருக்கிற செங்கல்பட்டுச் சீமைக்கு ஏரி மாவட்டம் என்றே பெயர். வெளிநாட்டு இதழ்களில் ஏரிக்கரை வீடு என்றால் விடுமுறைக்குப் போகிற மரவீடு. அதற்கென்று அளவெடுத்து அலமாரி செய்து தருவதும் பழைய மேசைக்கு மறுமெருகு போடுவதும் அங்கே தனித் தொழில். தாம்பரத்துக்கு மேற்கே ஏரிக்கரை வீடு என்பது, ஒரு காலத்தில் ஏரிநீர் பாய்ந்த வயலில் மனை போட்டு, வங்கிக் கடனில் கட்டி, மூன்று தலைமுறை சேர்ந்து குடியிருக்கிற வீடு. ‘ஏரி வியூ’ என்று விளம்பரம் வேறு. அலமாரியும் மெருகும் இங்கேயும் தேவைதான். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. கடைக்காரரிடம் நாம் கேட்பது “இது வாட்டர் ப்ரூஃபா?” என்று. கேட்க வேண்டியது, “நனைந்தால் இது பழையபடி திரும்பி வருமா?” என்பது.

மரத்துக்குள் தண்ணீர் இரண்டு இடங்களில் தங்கும். மரம் என்பது நெடுக்குவாக்கில் அடுக்கிய நுண்குழல்களின் தொகுதி. குழலின் நடுவெளியில் தங்குகிற தண்ணீர் வெறும் எடைதான்; மரத்தின் அளவை அது மாற்றாது. குழலின் சுவருக்குள் புகுகிற தண்ணீர்தான் வேலையைக் காட்டும். சுவர் செல்லுலோஸ் நூலிழைகளால் ஆனது. அந்த இழைகளிலும் அவற்றுக்கிடையே உள்ள ஹெமிசெல்லுலோஸிலும் ஹைட்ராக்சில் தொகுதிகள் நிறைய உண்டு. நீர் மூலக்கூறுகள் அவற்றில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய நீர் இழைகளைத் தள்ளி விலக்கும், சுவர் பருக்கும். இழைகள் பெரும்பாலும் மரத்தின் நெடுக்கிலேயே ஓடுவதால், பருமன் கூடுமே தவிர நீளம் கூடாது. நிலைச்சட்டம் மழைக்காலத்தில் அகலத்தில் இறுகிக் கதவைப் பிடிக்கும், உயரத்தில் அசையாது. இதற்குக் காரணம் இந்த இழைகளின் திசைதான்.

இந்தப் பருத்தலுக்கு ஓர் எல்லை உண்டு. மரத்தின் உலர்ந்த எடையில் ஏறத்தாழ 28 முதல் 30 சதவீதம் வரை தண்ணீர் சேரும்வரைதான் சுவர் பருக்கும். அதை நார் நிறைவுப் புள்ளி என்பார்கள். அதற்குமேல் எத்தனை நாள் ஊறினாலும் தண்ணீர் குழலின் நடுவெளியை நிரப்புமே ஒழிய அளவு மாறாது. திரும்ப உலரும்போது அதே வழியில் சுருங்கி வரும்.

எவ்வளவு பருக்கும் என்பது மரத்துக்கு மரம் மாறும், ஒரே மரத்திலும் திசைக்குத் திசை மாறும். வளையங்களை ஒட்டிய திசையில் பருப்பது, மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் பருப்பதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. பலகை வளைவதற்கு முக்கியமான காரணம் இந்த ஏற்றத்தாழ்வு. தேக்கு முழு ஈரத்திலிருந்து முழு உலர்வுக்கு வரும்போது ஒரு திசையில் 5, 6 சதவீதமும் மறு திசையில் இரண்டரை சதவீதமும்தான் சுருங்கும். பல மரங்கள் இதைவிட அதிகம் அசையும். தேக்குக்கு இங்கே இருக்கிற மதிப்பில் பாதி இந்தச் சோம்பலுக்குக் கொடுத்த மதிப்பு.

மறுபாதி அதன் வைரத்தில், அதாவது நடுக்கட்டையில், உள்ள வேதிப்பொருள்களுக்கு. டெக்டோகுயினோன் என்ற சேர்மம் கறையானுக்கு ஆகாது. ரப்பரை ஒத்த ஒரு பொருளும் எண்ணெய்ப் பசையும் குழல்களில் படிந்து தண்ணீர் நுழைவதைத் தாமதப்படுத்துகின்றன. ஆசாரிகள் உளியை அடிக்கடி தீட்ட வேண்டியிருப்பதற்குக் காரணம் தேக்கிலுள்ள சிலிக்கா. மலபார் தேக்கில் பம்பாயின் வாடியா குடும்பத்தார் கட்டி 1817இல் நீரில் இறக்கிய திருகோணமலையின் பெயர் தாங்கிய ஒரு போர்க்கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதந்துகொண்டிருக்கிறது. ஆனால் இந்தப் பெருமையெல்லாம் வைரத்துக்கு மட்டும். ஓரத்து வெள்ளைக் கட்டையில் அந்தச் சேர்மங்கள் குறைவு. விலை குறைத்துத் தருகிறேன் என்று வெள்ளை கலந்த கட்டையில் சட்டம் அடித்துக் கொடுத்தால், பெயர்தான் தேக்கு. கறையானுக்கு அது விருந்து.

கிராமத்தில் மரத்தை வேண்டுமென்றே குளத்தில் ஊறப்போடுகிற வழக்கமும் இருந்தது. மூங்கிலையும் வேறு சில கட்டைகளையும் வெட்டியதும் மாதக்கணக்கில் தண்ணீருக்கடியில் போட்டு வைப்பார்கள். மாவுச்சத்தும் சர்க்கரையும் கரைந்து வெளியேறிவிடும். பிறகு துளைக்கும் வண்டுக்கு அதில் சாப்பிட ஒன்றும் இருக்காது. முழுக்க மூழ்கிய மரத்துக்குள் காற்று இல்லாததால் பூஞ்சையும் பிழைக்காது. மரத்தைக் கெடுப்பது தண்ணீரைவிட, தண்ணீரும் காற்றும் பாதிப்பாதியாகக் கலந்த நிலை. ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் மக்கவைக்கும் பூஞ்சை வளராது. நீரில் முற்றும் அமிழ்ந்தாலும் வளர்வது கடினம். வெள்ளம் வடிந்தபின் சுவரோரம் சாய்த்து வைத்து மறந்துபோன பலகைக்கு நேர்வது இந்த நடுத்தர நிலைமைதான்.

இப்போது குப்பைவண்டிக்குப் போனவற்றைப் பார்க்கலாம். கடையில் வாங்குகிற டிவி ஸ்டாண்டும் மேசையும் பெரும்பாலும் பார்ட்டிகிள் போர்டு. கொஞ்சம் உயர்ந்த ரகம் எம்.டி.எஃப். மரத்தூளையும் சீவலையும், எம்.டி.எஃப். என்றால் மரநாரை, யூரியா ஃபார்மால்டிஹைடு பிசினில் பிசைந்து, சூடான அச்சில் அழுத்தித் தகடாக்கியவை இவை. அழுத்தத்தில் ஒவ்வொரு சீவலும் தன் இயல்பான பருமனைவிட நசுங்கித் தட்டையாகிவிடுகிறது. பிசின் அதை அந்த நிலையிலேயே கட்டிப்போட்டிருக்கிறது. அவல் எப்படி? இடித்துத் தட்டையாக்கிய அரிசி, தண்ணீர் பட்டதும் உப்பும். மறுபடி காயவைத்தால் பழைய அவலாகாது. பார்ட்டிகிள் போர்டும் அப்படித்தான். தண்ணீர் உள்ளே போனதும் நசுங்கிய சீவல்கள் தங்கள் பழைய பருமனுக்குத் திமிறி எழும். அந்தத் திமிறலில் பிசின் பிடிப்புகள் அறுந்துபோகும். 18 மில்லிமீட்டர் பலகை 22, 23 மில்லிமீட்டராக உப்புவது சாதாரணம். உலர்ந்த பிறகும் அது 18க்குத் திரும்பாது. அதன்பின் திருகாணி பிடிக்காது, கீல் நிற்காது. எந்த மெருகும், எந்தப் பசையும் இதை மீட்காது. மீட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் மேலே ஒரு சன்மைக்கா ஒட்டித் தருவார், அவ்வளவுதான்.

பிசினும் தன் பங்குக்குத் தோற்கிறது. யூரியா ஃபார்மால்டிஹைடு இறுகும்போது தண்ணீரை வெளியேற்றி இறுகுகிற பொருள். நீண்ட நேரம் தண்ணீரில் கிடந்தால் அந்த வினை மெல்லப் பின்னோக்கி நடக்கத் தொடங்கும். சூடு இருந்தால் இன்னும் வேகமாக நடக்கும். விலை மலிவு, நிறமில்லை, சீக்கிரம் இறுகும் என்பதால் உலகம் முழுவதும் உள்ளறைச் சாமான்களுக்கு இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். உலர்ந்த ஊரில் அது குற்றமில்லை.

பிளைவுட் விஷயம் வேறு. மெல்லிய மரத்தகடுகளை ஒன்றின்மேல் ஒன்றாக, நார் குறுக்கும் நெடுக்குமாக மாறி வருமாறு ஒட்டுகிறார்கள். ஓர் அடுக்கு அகலத்தில் பருக்க முயன்றால் பக்கத்து அடுக்கின் நீளவாக்கு நார் அதைப் பிடித்து நிறுத்தும். மரத்தின் குறையை மரத்தைக் கொண்டே அடக்குகிற அருமையான யோசனை அது. ஒட்டு நிற்கும்வரை பிளைவுட் நிற்கும். கடைகளில் ‘கமர்ஷியல்’ என்று விற்கிற எம்.ஆர். (மாய்ஸ்ச்சர் ரெசிஸ்டன்ட்) ரகம் யூரியா பிசினில் ஒட்டியது. பெயரிலேயே ‘ஈரம் தாங்கும்’ என்று இருப்பதால் பலர் ஏமாறுகிறார்கள். காற்றிலுள்ள ஈரத்தைத் தாங்கும், நாலு நாள் தேங்கிய வெள்ளத்தைத் தாங்காது, அடுக்கடுக்காகப் பிரிந்துவிடும். பி.டபிள்யூ.பி. என்கிற மரைன் ரகம் ஃபீனால் பிசினில் ஒட்டியது. ஐ.எஸ். 710 தரத்தின்படி அதை 72 மணி நேரம் கொதிநீரில் போட்டும் ஒட்டு பிரியக்கூடாது. கொதிநீர்ச் சோதனையில் தேறிய ஒட்டுக்கு அடையாற்றுத் தண்ணீர் பெரிய விஷயமில்லை.

இந்த இடத்தில்தான் முடிச்சூர், மண்ணிவாக்கம் பக்கத்து வீட்டுக்காரர்கள் பலர் இரண்டாம் முறை ஏமாறுவதைப் பார்க்கிறேன். மரைன் பிளைவுட் என்றால் தண்ணீர் உறிஞ்சாது என்று நினைத்து, பணம் கூடக் கொடுத்துச் செய்துவிட்டு, ஓரங்களை அப்படியே விட்டுவிடுகிறார்கள். கொதிநீர்ச் சோதனை ஒட்டுக்கு வைத்த சோதனை. உள்ளே இருக்கும் மரத்தகடு மரம்தான். அது உறிஞ்சும், பருக்கும், பூஞ்சை பிடிக்கும். அறுத்த ஓரத்தில் குழல்களின் வாய் திறந்திருக்கிறது. பலகையின் முகத்தைவிடப் பல மடங்கு வேகமாகத் தண்ணீர் அங்கேதான் ஏறும். சமையலறை அலமாரியின் அடிப்பலகை, தரையைத் தொடும் விளிம்பு, தொட்டிக்குக் கீழே குழாய்க்காக அறுத்த ஓட்டை மூன்றுக்கும் பிசினோ எபாக்சியோ தடவி அடைக்காமல் விட்டால் மரைன் பிளைவுட்டுக்குக் கொடுத்த கூடுதல் காசு பாதி வீண். ஆளைக் கூப்பிட்டுச் சொன்னால் பத்து நிமிட வேலை. சொல்லாவிட்டால் யாரும் செய்யமாட்டார்கள், ஏனென்றால் அது வெளியே தெரியாத இடம்.

மாடிக்கு ஏறிய தேக்கு நாற்காலிக்கு வருவோம். திட மரம் திரும்பி வரும் என்றேன். அதில் ஒரு விலக்கு இருக்கிறது. பருக்கும் மரத்துக்கு இடம் கிடைக்காவிட்டால், இறுகிய துளைக்குள் செருகிய கழுந்து போல, பெட்டிக்குள் மாட்டிய இழுப்பறை போல, அது தன் செல்களையே நசுக்கிக்கொள்ளும். உலர்ந்த பிறகு முன்பிருந்ததைவிடச் சிறிதாகிவிடும். மழைக்குப் பிறகு நாற்காலிகள் ஆடத் தொடங்குவதும், கோடரிப் பிடி கழன்றுவிடாமல் இருக்கத் தண்ணீரில் ஊறவைத்தால் ஒரு வாரம் இறுகி, அப்புறம் முன்னைவிட மோசமாகக் கழல்வதும் இதனால்தான். ஆகவே வெள்ளம் வடிந்ததும் முதல் வேலை, திறக்கக்கூடிய இழுப்பறைகளையும் கதவுகளையும் கழற்றித் தனியே வைப்பது. சிக்கியிருந்தால் இழுத்துப் பிடுங்கக்கூடாது. முதுகுப் பலகையைக் கழற்றிப் பின்னாலிருந்து தள்ள வேண்டும்.

இரண்டாவது வேலை, சேறு காய்வதற்கு முன்னால் கழுவுவது. இந்தப் பகுதி வெள்ளத்தில் கழிவுநீரும் கலந்தே வருகிறது. நாரின் பள்ளங்களில் அந்த வண்டல் காய்ந்து படிந்துவிட்டால் உப்புத்தாள் போட்டாலும் வாடை போகாது. சோப்புத் தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும்.

மூன்றாவது வேலை காத்திருப்பது. இதில்தான் பெரும்பாலான சாமான்கள் வெள்ளத்தில் தப்பி வெயிலில் சாகின்றன. ஈரப்பலகையை நேர்வெயிலில் போட்டால் மேல்தோல் முதலில் உலர்ந்து சுருங்கப் பார்க்கும். உள்ளே இன்னும் ஈரத்தில் பருத்திருக்கிற பகுதி அதை விடாது. இழுபறியில் மேல்தோல் வெடிக்கும். ஒரு முகம் மட்டும் வெயில் பட்டால் பலகை கிண்ணம் போல் குழியும். நிழலும் காற்றோட்டமும் இருக்கிற இடத்தில், தரையில் படாமல், ஒவ்வொரு பலகைக்கும் நடுவே ரீப்பர் துண்டு கொடுத்து அடுக்குவதே முறை. நீர் மரத்துக்குள்ளிருந்து ஊர்ந்து வெளியே வர எடுக்கும் நேரம் கனத்தின் இருபடியைப் பொறுத்தது. பலகையின் கனம் இரு மடங்கானால் உலர ஏறக்குறைய நான்கு மடங்கு நாளாகும். அலமாரிப் பலகை உலர்ந்துவிட்டதே என்று கட்டில் காலுக்கும் அதே நாளில் மெருகு போடக்கூடாது.

உலர்ந்ததை எப்படித் தெரிந்துகொள்வது? இரண்டு ஊசி முனைகளைக் குத்தி, இடையே உள்ள மின்தடையை அளந்து ஈரத்தைக் காட்டும் சிறு கருவி இருக்கிறது. மரம் உலர உலர மின்தடை பல மடங்கு ஏறும் என்பது அதன் அடிப்படை. கருவி இல்லையென்றால் எடைதான் சாட்சி. இழுப்பறை ஒன்றை வாரத்துக்கு ஒரு முறை நிறுத்து, எடையை அதன் முதுகிலேயே பென்சிலால் எழுதி வந்தால் போதும். எடை குறைவது நின்ற பிறகே அடுத்த வேலை. டிசம்பரில் நனைந்ததற்கு மாசி, பங்குனிக்கு முன்னால் மெருகு போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. பொங்கலுக்குள் முடித்துக் கொடு என்று அவசரப்படுத்துகிறவர்கள் வெள்ளையாகப் பூத்த மெருகைத்தான் வாங்கிக்கொள்கிறார்கள்.

அந்த வெள்ளைப் பூப்பு சுவாரசியமான விஷயம். பழைய சாமான்களின் மெருகு அரக்கு. புரசு, இலந்தை போன்ற மரங்களின் கிளையில் கூட்டமாக வாழும் அரக்குப் பூச்சி சுரக்கிற பிசின் அது. ஜார்க்கண்ட் அதில் முன்னணி. ராஞ்சியை அடுத்த நாம்கும்மில் 1924இலேயே அரக்குக்கென்று ஓர் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கினார்கள். (நாம் விழுங்குகிற மாத்திரைகள் சிலவற்றின் பளபளப்பும் இதே பூச்சியின் உபயம்.) அரக்கைச் சாராய ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சைத் துணியில் பொதிந்து, வட்டம் வட்டமாகத் தேய்த்து ஏற்றுவதுதான் பிரெஞ்சு பாலிஷ். ஸ்பிரிட் ஆவியாகும்போது மரத்தின் மேற்பரப்பிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். அடைமழைக் காலத்துக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிரம்பியிருக்கிறது. மேற்பரப்பு கொஞ்சம் குளிர்ந்தால் போதும், அந்த ஈரம் அங்கே பனித்துப் படலத்துக்குள் சிக்கிக்கொள்ளும். நுண்ணிய நீர்த்துளிகள் ஒளியைச் சிதறடிப்பதால் படலம் பால்வெள்ளையாகத் தெரிகிறது. மழை நாளில் பாலிஷ்காரர் வேலைக்கு வரமாட்டேன் என்றால் அது சோம்பேறித்தனமில்லை; பௌதிகம்.

அரக்கின் பலவீனமே அதன் பலமும். தண்ணீர் நின்றால் வெளுக்கும், சூடான டம்ளர் வைத்தால் தடம் விழும், ஸ்பிரிட் பட்டால் கரையும். அதே ஸ்பிரிட்டைத் தொட்டுத் தேய்த்தால் பழைய படலம் இளகிப் புதிய படலத்தோடு ஒன்றாகிவிடும். வெள்ளத்தில் நனைந்த நாற்காலியின் பூப்பை, மரம் உலர்ந்த பிறகு, பெரும்பாலும் ஸ்பிரிட் நனைத்த துணியாலேயே தெளியவைத்துவிடலாம். பி.யு. (பாலியூரிதேன்) மெருகு இதற்கு நேரெதிர். இரண்டு திரவங்கள் கலந்து வினைபுரிந்து வலைபோல் பின்னி இறுகுகிற படலம். கரையாது, வெளுக்காது, வருடக்கணக்கில் நிற்கும். ஆனால் அடியில் ஈரமிருந்தால் அதன் இறுக்கிப் பொருளான ஐசோசயனேட், தண்ணீரோடு வினைபுரிந்து கார்பன் டை ஆக்சைடை வெளியிடும். படலத்தில் ஊசிமுனைக் குமிழிகள் எழும். ஒரு மூலை உரிந்தால் அந்த மூலைக்கு மட்டும் ஒட்டுப்போட முடியாது; முழுவதையும் உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். தேக்கு வெனியர் ஒட்டிய பிளைவுட்டாக இருந்தால் அந்த வெனியர் அரை மில்லிமீட்டர்தான் இருக்கும். உப்புத்தாள் எந்திரம் கொஞ்சம் அழுத்தினால் கீழே வேறு மரம் எட்டிப் பார்க்கும்.

பசையிலும் இதே கதை. பழைய ஆசாரிகள் பயன்படுத்தியது வச்சிரம். மாட்டுத்தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த புரதப்பசை. சூடும் ஈரமும் பட்டால் இளகிவிடும். வெள்ளத்தில் மூட்டுகள் பிரிந்துபோன பழைய நாற்காலி வந்தால் அனுபவசாலி ஆசாரி கவலைப்படுவதில்லை. பிரிந்தது நல்லதாயிற்று என்று வெந்நீரில் பழைய பசையைக் கழுவி, கழுந்தைச் சுத்தம் செய்து, தளர்ந்திருந்தால் ஆப்பு வைத்து மறுபடி இறுக்கிவிடுவார். ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை பாலிவினைல் அசிட்டேட். தண்ணீரில் ஊறினால் அதுவும் தளரும். ஆனால் முழுக்கக் கரைந்து வராது. நாருக்குள் தோலாகத் தங்கி, அடுத்த பசை ஒட்டுவதைக் கெடுக்கும். சுரண்டித்தான் எடுக்க வேண்டும். இறுதிவரை பிரியாத எபாக்சியில் ஒட்டிய நாற்காலி, கால் முறிந்தால் மூட்டில் கழன்று வராது. முழுக் கட்டையும் கிழிந்து வரும்.

பழையதெல்லாம் உயர்வு என்று சொல்ல வரவில்லை. அரக்கு மெருகிட்ட சாப்பாட்டு மேசையில் தினம் மூன்று வேளை ரசம் சிந்தினால் என்ன ஆகும் என்று வீட்டில் துடைக்கிறவர்களுக்குத் தெரியும். மேசையின் முகத்துக்கு பி.யு. சரி, கால்களுக்கும் சட்டத்துக்கும் அரக்கோ, எண்ணெயோ போதும். எந்த மெருகானாலும் ஈரத்தைத் தடுக்காது, தாமதப்படுத்தும். முகத்துக்கு நாலு கோட்டும் முதுகுக்கு ஒன்றுமில்லாமலும் விட்டால், மழைக்காலத்தில் முதுகு மட்டும் ஈரம் குடித்துப் பலகை வளையும். உள்பக்கம் யார் பார்க்கப் போகிறார்கள் என்று மிச்சம் பிடிக்கிற இடம் அது இல்லை. எண்ணெய் மெருகு போடுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து இறுகும்போது வெப்பம் வெளியாகும். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால் அந்த வெப்பம் சேர்ந்து தானாகவே தீப்பிடிக்கக்கூடும். விரித்துக் காயப்போடுங்கள்.

நனைந்த மரத்துக்கு ஒரு சலுகையும் உண்டு. போராக்சும் போரிக் அமிலமும் கலந்த கரைசல் பூஞ்சைக்கும் வண்டுக்கும் எதிரானது. ரப்பர் மரத்தைச் சாமான் செய்யத் தகுதியாக்குவது இந்தக் கரைசல்தான். உலர்ந்த மரத்தில் பூசினால் மேலோடு நின்றுவிடும். ஈரமரத்தில் பூசினால், உள்ளே இருக்கிற தண்ணீர் வழியாகவே பரவி நடுக்கட்டைவரை போய்ச் சேரும். கழுவிய கையோடு இதைப் பூசிவிட்டு உலரவைப்பது நல்ல உத்தி. அடுத்த வெள்ளத்தில் கொஞ்சம் கரைந்து போகும் என்பது உண்மைதான்.

இனி புதிதாகச் செய்கிறவர்களுக்கு. தாம்பரம் மேற்கில் தரைத்தளத்து அலமாரியை இரண்டாகப் பிரித்து யோசிக்க வேண்டும்: தரையிலிருந்து ஒரு மூன்றடி வரை ஒரு பொருள், அதற்கு மேல் வேறு பொருள். மாடுலர் கிச்சன் வருவதற்கு முன்பு நம் சமையலறைகளில் இருந்த ஏற்பாடு இதற்கு ரொம்பப் பொருத்தம். செங்கல் தாங்கிகள், அவற்றின் மேல் கடப்பா கல் தட்டுகள், முன்னால் மட்டும் கதவு. கல் உப்பாது, கறையான் தின்னாது, கழுவினால் முடிந்தது. அந்தக் கதவைக் கழற்றி மாட்டும் கீலில் தொங்கவிட்டால், மழை எச்சரிக்கை வந்ததும் பதினைந்து நிமிடத்தில் எல்லாக் கதவுகளையும் பரணில் ஏற்றிவிடலாம். 2015க்குப் பிறகு பலர் பி.வி.சி. நுரைப்பலகைக்கும் மரத்தூள் கலந்த பிளாஸ்டிக் பலகைக்கும் மாறியிருக்கிறார்கள். இவை தண்ணீரில் உப்புவதில்லை. ஆனால் மரத்தைப்போல விறைப்பு கிடையாது. மூன்றடிக்கு மேல் தாங்கல் இல்லாத தட்டில் கிரைண்டரும் அரிசி டப்பாவும் வைத்தால் நாளடைவில் தொய்ந்துவிடும். திருகாணிப் பிடிப்பும் குறைவு. கீழ்ப்பகுதிக்குப் பரவாயில்லை, பாரம் தாங்கும் தட்டுக்கு வேண்டாம் என்பது என் கருத்து.

சுவரோடு ஒட்டிச் செய்கிற அலமாரிக்கு வெள்ளம் வரவே தேவையில்லை. நிலத்தடி நீர் மேலாக நிற்கிற ஏரிப் பாசன நிலத்தில் செங்கல் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சி மேலேற்றிக்கொண்டே இருக்கும். அலமாரியின் முதுகு அதைத் தொட்டுக்கொண்டிருந்தால் ஆண்டு முழுவதும் நார் நிறைவுப் புள்ளிக்குப் பக்கத்திலேயே வாழும். பின்னால் அரை அங்குலமாவது இடைவெளி, அடியில் கட்டைப் பீடத்துக்குப் பதில் எஃகு அல்லது பிளாஸ்டிக் கால்கள்; இரண்டும் போதும்.

திட மரத்தில் கதவு செய்வதென்றால் செட்டிநாட்டு வீடுகளின் பர்மா தேக்குக் கதவுகளை ஒரு முறை கையால் தடவிப் பார்ப்பது நல்லது. காரைக்குடியில் பழம்பொருள் கடைகள் நிறைந்த முனீஸ்வரன் கோயில் தெருவில் அவை இன்னும் விலைக்கு வருகின்றன. சட்டத்தில் காடி எடுத்து, நடுப்பலகையைப் பசை வைக்காமல் அந்தக் காடிக்குள் மிதக்க விட்டிருப்பார்கள். பலகை பருத்தாலும் சுருங்கினாலும் காடிக்குள்ளேயே நடக்கும். சட்டத்துக்கு ஒன்றும் தெரியாது. நம் ஊர்களில் பசை தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியதும் அந்தக் காடியிலும் பசையை ஊற்றிவிடுகிறார்கள். பலகை நடுவில் பிளக்கிறது. பழி தேக்கின்மேல் விழுகிறது.

எவ்வளவு இடம் விடுவது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் காற்றின் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டி நிற்கும்போது வீட்டுக்குள் இருக்கும் மரம் சுமார் 16 சதவீத ஈரத்தில் நிலைகொள்ளும். கடற்காற்று பிந்தி வருகிற தாம்பரத்துக் கோடையில் அது 9, 10க்கு இறங்கும். வித்தியாசம் 6 சதவீதம். தேக்கு ஒவ்வொரு சதவீத ஈரத்துக்கும் அகலத்தில் 0.2 சதவீதம்வரை அசையும். அப்படியானால் 20 சென்டிமீட்டர் உயரமுள்ள இழுப்பறை முகப்பு, கோடைக்கும் மழைக்கும் இடையில் ஏறத்தாழ இரண்டரை மில்லிமீட்டர் வளரும். 30 சென்டிமீட்டர் பலகை என்றால் மூன்றரை. சித்திரை வெயிலில் மாட்டுகிற ஆசாரி மேலே மூன்று மில்லிமீட்டர் சந்து விட்டால் “என்ன இப்படி இடைவெளி தெரிகிறது” என்று அவரைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். கார்த்திகையில் மாட்டுகிறவர் அரை மில்லிமீட்டர் விட்டால் போதும்; வைகாசிக்குள் அது தானே மூன்றாகிவிடும்.